கிளமிடியா: ரத்தப் பரிசோதனை எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களுக்குப் பாலுறவு வழியாகப் பரவும் கிளமிடியா தொற்று இருக்கிறதா என்று பார்க்க, ரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி) சோதிக்கும் வழக்கம் இன்னும் இருந்துவருகிறது. குழந்தையின்மைக்கான முதல் கட்டப் பரிசோதனைகளிலும், கர்ப்பகால ரத்தப் பரிசோதனைத் தொகுப்புகளிலும், அடிவயிற்று வலி என்று வருபவருக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டிலும் ‘கிளமிடியா ஐஜிஜி, ஐஜிஎம்’ என்று எதிர்ப்பொருளின் இரு வகைகளைக் குறிக்கும் வரி எப்படியோ இடம்பிடித்துவிடுகிறது. பாசிட்டிவ் என்று வந்ததும் மாத்திரை. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால் மறுபடி பாசிட்டிவ், மறுபடி மாத்திரை. நடுவில் கணவன் மனைவிக்குள் சந்தேகம் வேறு. இந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையே இல்லாதது. ஆனால் இதே சோதனை உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் அதைக் கேட்டு எழுதுபவர்கள் குறைவு. இரண்டையும் வாசகர்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் கிருமியைப் பற்றிக் கொஞ்சம். கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் ஒரு பாக்டீரியாதான். ஆனால் உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் அதனால் பெருக முடியும். செல்லுக்கு வெளியே அது விதையைப் போல உறைந்து கிடக்கும். உள்ளே நுழைந்ததும் வடிவம் மாறிப் பலவாகப் பிரிந்து, 48 முதல் 72 மணி நேரத்தில் மீண்டும் விதை வடிவம் எடுத்து வெளியேறி, அடுத்த செல்லைப் பிடிக்கும். பெண்களிடம் அது முதலில் குடியேறுவது கருப்பை வாயின் உள்படலத்தில். மேல்படலத்தோடு நின்றுகொள்ளும் கிருமி என்பதால் காய்ச்சல் இருக்காது. வலியும் பெரும்பாலும் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 12.9 கோடி பேருக்கு இந்தத் தொற்று புதிதாக ஏற்பட்டது. தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறி எதுவும் தெரியாது. சிலருக்கு வெள்ளைப்படுதல் மாறும், மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் படும், உறவுக்குப் பின் ரத்தக்கசிவு இருக்கும். அவ்வளவுதான்.

கிருமி மேல்படலத்தில், அதுவும் செல்லுக்குள் ஒளிந்திருப்பதால், ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாவதில் ஓர் ஒழுங்கு கிடையாது. சிலருக்குச் சில வாரங்களில் ஐஜிஜி தெரியும். சிலருக்குத் தாமதமாகும். கருப்பை வாயோடு நின்றுவிட்ட தொற்றில் சிலருக்கு அது அளக்கும் அளவுக்கு உயருவதே இல்லை. உருவானவர்களுக்கோ, மருந்து சாப்பிட்டுக் கிருமி முற்றிலும் போன பிறகும் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஆக, ‘இப்போது தொற்று இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ரத்தம் இரண்டு பக்கமும் தவறாகப் பதில் சொல்லும். இல்லாதவருக்கு இருப்பதாகக் காட்டும், இருப்பவரை விட்டுவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. பரிசோதனைக்கு 1,000 பெண்கள் வருகிறார்கள். அவர்களில் 50 பேருக்கு இப்போது தொற்று இருக்கிறது. அந்த 50 பேரில் 35 பேருக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது. மீதி 950 பேரில் ஐந்தில் ஒருவருக்கு எப்போதோ வந்துபோன தொற்றின் எதிர்ப்பொருள் மிச்சமிருக்கிறது என்று கொண்டால், அது 190 பேர். மொத்தம் 225 பாசிட்டிவ். இவற்றில் இப்போது சிகிச்சை தேவைப்படுவது 35 பேருக்கு மட்டும். ஆறில் ஒன்றுகூட இல்லை. 190 பேர் வீணாக மருந்து சாப்பிடுகிறார்கள். தொற்று உள்ள 15 பேர் ‘நெகட்டிவ்’ என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறார்கள். எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த 15 பேர்தான். சிகிச்சை பெறாதவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்குத் தொற்று மேலேறி இடுப்புக்குழி உறுப்புகளில் அழற்சியாகலாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் மதிப்பீடு.

அறிக்கைத் தாளில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். ‘கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் ஐஜிஜி: 2.4. 0.9க்குக் கீழ் நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை ஐயம், 1.1க்கு மேல் பாசிட்டிவ்.’ எலிசா என்ற, நிற மாற்றத்தை அளக்கும் முறையில் செய்யும் பல அறிக்கைகள் இந்த மாதிரியில்தான் இருக்கும். இதில் 2.4 என்பது கிருமியின் அளவு அல்ல. எதிர்ப்பொருளின் எடையும் அல்ல. சோதனைக் குழியில் உண்டான நிறம், அந்தக் கிட்டுக்கு வகுத்த எல்லை நிறத்தைவிட எத்தனை மடங்கு என்பது மட்டுமே. வேறு நிறுவனத்தின் கிட்டில் அதே ரத்தம் 1.3 காட்டலாம். ஆகவே ஒரு பரிசோதனைக் கூடத்தில் 2.4, மூன்று மாதம் கழித்து இன்னொரு கூடத்தில் 3.0 என்றால் தொற்று கூடிவிட்டது என்று அர்த்தமே இல்லை. 0.9க்கும் 1.1க்கும் நடுவில் வந்த முடிவை ‘லேசான பாசிட்டிவ்’ என்று சொல்வதும் தவறு. அது முடிவு தெரியவில்லை என்பதற்கான குறி.

அடுத்த வரியில் ஐஜிஎம் இருக்கும். மற்ற பல நோய்களில் ஐஜிஎம் என்றால் புதிய தொற்று என்று கற்றுக்கொண்ட பழக்கத்தில், இங்கேயும் அப்படியே படித்துவிடுகிறார்கள். கிளமிடியாவில் அது பொருந்துவதில்லை. இரண்டாவது, மூன்றாவது முறை தொற்றும்போது ஐஜிஎம் தலைகாட்டாமலே போகலாம். முடக்குவாதக் காரணி (ஐஜிஜியையே பிடித்துக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருள்) ரத்தத்தில் உள்ளவர்களுக்கு, ஐஜிஜியை முதலில் நீக்காமல் ஐஜிஎம் சோதித்தால் பொய்யான பாசிட்டிவ் வரும். ஐஜிஏ என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றால் தொற்று ‘உயிரோடு’ இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அதை நம்பி ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கும் அளவுக்கு அந்தக் கருத்து உறுதிப்படவில்லை.

குறுக்கு வினை என்ற தொல்லையும் இருக்கிறது. கிளமிடியா குடும்பத்தில் கிளமிடியா நிமோனியே என்ற இன்னோர் இனம் உண்டு. 1989இல்தான் அதைத் தனி இனமாக வகைப்படுத்தினார்கள். அது சளி, இருமல் வழியாகப் பரவுவது. பாலுறவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு காலத்தில் அது வந்துபோயிருக்கும். இரண்டு கிருமிகளின் மேலுறையிலும் பொதுவான கூறுகள் இருப்பதால், முழுக் கிருமியை வைத்துச் செய்த பழைய கிட்டுகளில் பழைய இருமலின் எதிர்ப்பொருளும் சேர்ந்து ஒளிரும். டிரக்கோமாட்டிஸுக்கே உரிய புரதத் துண்டுகளையோ, பிஜிபி3 என்ற பிளாஸ்மிட் புரதத்தையோ பயன்படுத்தும் கிட்டுகளில் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் பிஜிபி3 கூட, தொற்று வந்துபோனது உறுதியாகத் தெரிந்த பெண்கள் எல்லாரிடமும் பாசிட்டிவ் காட்டுவதில்லை. அறிக்கையில் எந்தக் கூறை வைத்துச் சோதித்தார்கள் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கூடத்தில் கேட்கலாம். அவர்களிடம் கிட்டோடு வந்த தாளில் அது இருக்கும்.

‘டைட்டர்’ போட்டுத் தரும் அறிக்கைகள் வேறு வகை. 1970 வாக்கில் வாங், கிரேஸ்டன் இருவரும் உருவாக்கிய நுண் ஒளிர்வு முறை அது. கண்ணாடித் தகட்டில் கிளமிடியாவின் வகைகளைப் புள்ளி புள்ளியாக வைத்து, நோயாளியின் சீரத்தை 1:8, 1:16, 1:32 என இரட்டிப்பாக நீர்க்கவைத்து ஊற்றி, எந்த நீர்ப்பு வரை புள்ளி ஒளிர்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்தக் கடைசி நீர்ப்புதான் டைட்டர். கண்ணால் பார்த்துச் சொல்வது என்பதால் ஒருவர் 1:32 என்பதை இன்னொருவர் 1:64 என்பார். எனவே ஒரு படி ஏற்ற இறக்கத்துக்கு மதிப்பில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளியில் எடுத்த இரண்டு சீரங்களை ஒரே நாளில், ஒரே கூடத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, நான்கு மடங்கு உயர்வு இருந்தால் மட்டுமே அதைப் புதிய தொற்றின் அடையாளமாகப் பேசலாம். நடைமுறையில் இப்படிச் செய்வது மிக அரிது. செய்தாலும், முடிவு வரும்வரை ஒரு பெண்ணைச் சிகிச்சையில்லாமல் காக்கவைப்பது நியாயமில்லை.

சிகிச்சை முடிந்த பிறகு ‘குணமாகிவிட்டதா’ என்று பார்க்க ஐஜிஜி எடுப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு செய்வது. எதிர்ப்பொருள் உடலின் நினைவு. மருந்து கிருமியைக் கொல்லும், நினைவை அழிக்காது. டைட்டர் இறங்கவில்லை என்பதற்காக டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை இரண்டாவது, மூன்றாவது முறை எழுதுவதில் எந்தப் பயனும் இல்லை. வயிற்றுப் புண்ணும், பூஞ்சைத் தொற்றும், மன உளைச்சலும்தான் மிச்சம்.

சரி, இப்போது தொற்று இருக்கிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? கிருமியின் மரபணுவையே தேடும் பெருக்கச் சோதனைதான் வழி. பிசிஆர் என்று எல்லாருக்கும் தெரிந்தது இந்த வகையைச் சேர்ந்ததே. பெண்களுக்கு இதற்கு ஏற்ற மாதிரி, யோனியிலிருந்து ஸ்வாப் குச்சியால் எடுப்பது. அதை அந்தப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் எடுப்பதற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. உறையைப் பிரித்ததும் குச்சியின் நுனியைக் கையாலோ மேசையிலோ படவிடக் கூடாது. ஏறக்குறைய 5 செ.மீ. உள்ளே செலுத்தி, சுவரில் உரசும்படி 10 முதல் 30 நொடி மெதுவாகச் சுழற்ற வேண்டும். வெளியே எடுக்கும்போது தோலில் படாமல் எடுத்து நேராகக் குழாய்க்குள் விட்டு, குச்சியில் உள்ள கோட்டில் முறித்து, மூடியை இறுக்க வேண்டும். குழாயில் இருக்கும் திரவம் சிந்திவிட்டால் அந்தக் கிட்டை ஒதுக்கிவிட்டுப் புதியதைக் கேளுங்கள். தண்ணீர் ஊற்றி ஈடுகட்டக் கூடாது. அந்தத் திரவம் மாதிரியைக் காப்பதற்கானது. குச்சியை முன்கூட்டி அதில் நனைத்துவிட்டு உள்ளே செலுத்தினால் எரிச்சலாகும், மாதிரியும் கெடும்.

சிறுநீரிலும் பார்க்கலாம். ஆனால் பெண்களிடம் ஸ்வாபைவிடச் சிறுநீர் பத்து விழுக்காடு வரை தொற்றுகளைத் தவறவிடக்கூடும். எடுக்கும் முறையில்தான் பெரிய பிழை நடக்கிறது. சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குக் கல்ச்சர் கொடுத்துப் பழகியவர்கள் முதல் பகுதியை விட்டுவிட்டு நடுப் பகுதியைப் பிடிப்பார்கள். அதற்கு முன் நன்றாகக் கழுவியும் விடுவார்கள். இங்கே வேண்டியது நேர் எதிர். ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, கழுவாமல், முதலில் வரும் 20 முதல் 30 மில்லியை மட்டும் பிடிக்க வேண்டும். கிருமி சுமந்த செல்களை அடித்துக்கொண்டு வருவது அந்த முதல் ஓட்டம்தான். டப்பா நிறையப் பிடித்தால் மாதிரி நீர்த்துப்போகும். மருத்துவமனை ஊழியர் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும். சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மரபணுச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. தொற்றும் வாய்ப்பு நேர்ந்து இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் நெகட்டிவ் வரலாம். அப்படியானால் இரண்டு வாரம் முடிந்ததும் திரும்ப எடுக்க வேண்டும். மாதிரியில் ரத்தமோ சளியோ மிகுந்தால் வினை தடைபட்டு ‘செல்லாது’ என்று முடிவு வரும். அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சை முடிந்து நான்கு வாரத்துக்குள் எடுத்தால் செத்த கிருமியின் மரபணுவே பாசிட்டிவ் காட்டும். இன்னொன்று: பத்து இருபது நிமிடத்தில் முடிவு தரும் சில பட்டைச் சோதனைகள் கிருமியின் புரதத்தைத் தேடுபவை. பெயரில் ‘ஆன்டிஜென்’ என்றிருக்கும். அதை ‘ஆன்டிபாடி’யோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். அவையும் பல தொற்றுகளைத் தவறவிடுபவையே.

மரபணுச் சோதனை பாசிட்டிவ் என்றால் சிகிச்சை எளிது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள். 2021ஆம் ஆண்டின் சிடிசி வழிகாட்டுதல் இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரும்பு, கால்சிய மாத்திரைகளையும் அமிலநீக்கி மருந்துகளையும் அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சேராது; இடைவெளி விட வேண்டும். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளை. அவருக்கு மட்டும் நான்கு வாரம் கழித்து மரபணுச் சோதனையால் குணத்தை உறுதிசெய்ய வேண்டும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் மூன்று மாதத்தில் எல்லாரும் மறுபரிசோதனை செய்ய வேண்டும். காரணம், மருந்து தோற்பதைவிட, சிகிச்சை பெறாத துணையிடமிருந்து மறுபடி தொற்றுவதே அதிகம். கடந்த 60 நாளில் உறவிலிருந்த துணைக்கும் சோதனையும் சிகிச்சையும் வேண்டும். இருவரும் சிகிச்சையைத் தொடங்கி ஏழு நாள் முடியும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

இனி, எதிர்ப்பொருள் சோதனை கைகொடுக்கும் இடத்துக்கு வருகிறோம். அது குழந்தையின்மைப் பரிசோதனையில், கருக்குழாய் பழுதடைந்திருக்குமோ என்று முன்கூட்டிக் கணிக்கும் கட்டம்.

கருக்குழாயின் உள்ளே மயிர் போன்ற நுண்ணிழைகள் உள்ள படலம் இருக்கிறது. முட்டையைக் கருப்பைப் பக்கம் நகர்த்துவது அதன் வேலை. கிளமிடியா அங்கே ஏறிவிட்டால், கிருமியைவிட அதை எதிர்த்துப் போராடும் உடலின் அழற்சியே அந்தப் படலத்தை அதிகம் சிதைக்கிறது. ஒவ்வொரு முறை மறுபடி தொற்றும்போதும் தழும்பு கூடுகிறது. குழாய் அடைபடலாம், நுனி மூடி நீர் கோத்து வீங்கலாம், வெளியே பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொள்ளலாம். பாதி அடைபட்ட குழாயில் கரு சிக்கி வளர்ந்தால் கருக்குழாய்க் கர்ப்பம். அது உயிருக்கே ஆபத்து. இவ்வளவும் நடந்து முடிந்த காலத்தில் கிருமி போய்ச் சேர்ந்திருக்கும். ஸ்வாபில் மரபணு கிடைக்காது. அங்கேதான் ரத்தத்தில் தங்கிய நினைவு பயன்படுகிறது. எந்தக் குணத்தால் இந்தச் சோதனை இன்றைய தொற்றைக் கண்டுபிடிக்கத் தகுதியற்றுப் போகிறதோ, அதே குணம் இங்கே அதன் பலம்.

கருக்குழாயை நேரடியாகப் பார்க்கும் வழிகள் சுலபமானவை அல்ல. எச்எஸ்ஜி என்ற எக்ஸ்ரே சோதனையில் கருப்பை வாய் வழியே சாயத்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு, முட்டை வெளிப்படும் முன் செய்ய வேண்டும். வலி இருக்கும். வலியில் குழாயின் ஆரம்பப் பகுதி இறுகி, அடைப்பு இல்லாமலே அடைப்பு போலத் தெரிவதும் உண்டு. வெளியே உள்ள ஒட்டுதல்களை அது சரியாகக் காட்டாது. லேப்ராஸ்கோப்பி அவற்றைக் காட்டும். ஆனால் அதற்கு மயக்க மருந்தும் வயிற்றில் துளையும் வேண்டும். யாருக்கு இவற்றை உடனே செய்வது, யாருக்குச் சற்றுத் தள்ளிப்போடுவது என்று பிரிக்க ஒரு குழாய் ரத்தம் உதவுமானால் அது நல்ல விஷயம்தானே. பல ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, கருக்குழாய்ப் பழுதைக் கணிப்பதில் எலிசா, நுண் ஒளிர்வு முறைகளின் திறன் எச்எஸ்ஜியோடு ஒப்பிடத்தக்கது என்று கண்டது. காரணம் தெரியாத குழந்தையின்மை பற்றிய ஐரோப்பிய வழிகாட்டுதல் 2023இல், பழுதுக்கான வாய்ப்பு குறைந்தவர், கூடியவர் என்று பிரிக்க இந்தச் சோதனையைப் பரிசீலிக்கலாம் என்று சொல்கிறது.

பயன்படுத்தும் முறை இதுதான். முதலில் கேள்விகள். முன்பு இடுப்புக்குழி அழற்சி வந்ததா, கருக்குழாய்க் கர்ப்பம் இருந்ததா, குடல்வால் வெடித்து அறுவை செய்தார்களா, வேறு வயிற்று அறுவை உண்டா, காசநோய் வந்ததா, மாதவிடாய் வலி எண்டோமெட்ரியோசிஸை (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) நினைவூட்டுகிறதா? இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் எதிர்ப்பொருள் சோதனையை விட்டுவிட்டு நேராகக் கருக்குழாயைப் பார்ப்பதே சரி. ரத்தம் என்ன சொன்னாலும் முடிவு மாறப்போவதில்லை. கணவரின் விந்தணு மிகக் குறைந்து எப்படியும் சோதனைக்குழாய் முறைதான் என்றாகிவிட்டாலும் குழாய் திறந்திருக்கிறதா என்ற கேள்வியின் அவசரம் போய்விடுகிறது. இந்த இரண்டு வகையும் இல்லாத பெண்ணுக்குத்தான் சோதனை பயன்படும். அவருக்கு நெகட்டிவ் என்றால் கருக்குழாய்ப் பழுதுக்கான வாய்ப்பு குறைவு; எச்எஸ்ஜியைச் சில மாதங்கள் தள்ளிவைத்து இயற்கையாக முயலலாம். பாசிட்டிவ் என்றால், அதிலும் டைட்டர் உயர உயர, பழுதுக்கான வாய்ப்பு கூடுகிறது. காலம் கடத்தாமல் குழாயைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அந்த ரத்தத்திலிருந்து எதையும் பிழிந்தெடுக்க முடியாது. ஒரு முறை எடுத்தால் போதும்.

இங்கேயும் வார்த்தையில் கவனம் தேவை. பாசிட்டிவ் வந்த பெண்களில் பலருக்குக் குழாய் நன்றாகவே இருக்கும். ‘உங்களுக்குக் குழாய் அடைப்பு’ என்று ரத்த முடிவை வைத்துச் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை அவர் ஆயுளுக்கும் சுமப்பார். நெகட்டிவ் வந்தவருக்கும் கிளமிடியா அல்லாத காரணங்களால் குழாய் பழுதாகியிருக்கலாம். பாசிட்டிவ் வந்ததற்காக மாத்திரை கொடுப்பதிலும் பொருளில்லை; மாத்திரை தழும்பைக் கரைக்காது.

எச்எஸ்ஜி செய்யப்போகும் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. கருப்பை வாயில் இப்போது கிருமி இருந்தால், செலுத்தும் சாயம் அதை மேலே தள்ளிவிடும். ஆகவே செய்வதற்கு முன் ஸ்வாபில் மரபணுச் சோதனை வேண்டும். அது முடியாதபோது தடுப்பு மருந்து கொடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும். ‘ஐஜிஜி நெகட்டிவ்தானே’ என்று இதைத் தவிர்ப்பது ஆபத்து. புதிய தொற்றை ஐஜிஜி காட்டாமல் விடும் என்பதை மேலே சொன்னோம். படத்தில் குழாய் வீங்கித் தெரிந்தால் டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை, 5 நாள் கொடுப்பது வழக்கம்.

இது தவிர, ரத்தச் சோதனைக்குச் சில சிறிய இடங்கள் உண்டு. அரையாப்பு போல இடுப்பு மடிப்பில் நெறி கட்டி வரும் எல்ஜிவி என்ற கிளமிடியா வகைத் தொற்றில், கிருமி நிணநீர்க் கணுக்களுக்குள் ஊடுருவுவதால் டைட்டர் மிக உயரும். அங்கே நிரப்பிப் பிணைப்புச் சோதனையில் (எதிர்ப்பொருளை அளக்கும் ஒரு பழைய முறை) 1:64 அல்லது அதற்கு மேல் என்றால், அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கையில் துணைச் சான்றாகும். பிறந்த ஒன்று முதல் மூன்று மாதத்தில், தாயிடமிருந்து தொற்றிய டிரக்கோமாட்டிஸால் நுரையீரல் அழற்சி வரும் குழந்தைக்கு ஐஜிஎம் உண்மையிலேயே உதவும். தாயின் ஐஜிஜி தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு வந்துவிடும், ஐஜிஎம் வராது. எனவே குழந்தையின் ரத்தத்தில் 1:32 அல்லது அதற்கு மேல் இருக்கும் ஐஜிஎம் குழந்தை தானே உண்டாக்கியது. சமூகத்தில் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்கவும், தடுப்பூசி ஆய்வுகளுக்கும் இந்தச் சோதனை தேவை. இவற்றில் எதுவும் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தொகுப்பில் அந்த வரியைச் சேர்ப்பதற்குக் காரணமாகாது.

கர்ப்பகாலத் தொகுப்பிலிருந்து கிளமிடியா ஐஜிஜியை எடுத்துவிடும்படி பரிசோதனைக் கூடங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கர்ப்பிணிக்கு வேண்டியது மரபணுச் சோதனை. மற்றவர்களுக்குத் தரும் அறிக்கையின் அடியில், ‘இந்த முடிவு முன்பு தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்பதைக் காட்டுகிறது; தற்போதைய தொற்றை உறுதிசெய்யவோ, சிகிச்சையின் பலனை அறியவோ உதவாது’ என்று தமிழில் ஒரு வரி அச்சிடுவது கடினமான வேலை இல்லை. மருத்துவ நண்பர்கள் சீட்டில் இந்தச் சோதனையை எழுதும்போதே, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று பக்கத்தில் இரண்டு சொல் எழுதினால், கூடத்தில் இருப்பவர் ஸ்வாப் எடுக்க வேண்டுமா, ரத்தம் எடுக்க வேண்டுமா என்று திரும்பக் கேட்க வழி பிறக்கும்.

ஏற்கெனவே ‘ஐஜிஜி பாசிட்டிவ்’ என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கும் பெண்களுக்கும் சொல்ல வேண்டும். அந்தத் தாள் தொற்று எப்போது வந்தது என்று சொல்லாது, யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்லாது. திருமணத்துக்கு முன்பா பின்பா என்று அதிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பழைய இருமலின் எதிர்ப்பொருளாகக்கூட இருக்கலாம். அதை வைத்து வீட்டில் யாரும் யாரையும் விசாரிக்க வேண்டாம். அதே மருத்துவரிடமோ வேறொருவரிடமோ போய், ‘ஸ்வாபில் மரபணுச் சோதனை எடுக்க வேண்டும்’ என்று கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் நீங்களும் துணையும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிடுங்கள். நெகட்டிவ் என்றால், அந்த ஐஜிஜிக்காக மாத்திரை எதுவும் வேண்டாம். குழந்தைக்காகக் காத்திருப்பவராக இருந்தால் மட்டும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, கருக்குழாய் பற்றிப் பேசும் நாளில் காட்டுங்கள். கடுமையான அடிவயிற்று வலியோ காய்ச்சலோ, மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலியோ இருந்தால் எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் நலம், நுண்ணுயிரியல் துறைகளைச் சேர்ந்த மருத்துவர்கள்